ஐயாயிரம் பெசோ டிக்கெட்டு

2023 ஆகஸ்ட் 14, திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு, எஸ்கலாடா ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் இரும்புக்கடையின் கண்ணாடியில் ஓர் அட்டையை ஒட்டினார்கள். 'விலை தெரியும்வரை விற்பனை இல்லை' என்று அதில் எழுதியிருந்தது. முந்தின நாள் தேர்தல். விடிந்ததும் அரசாங்கம் பெசோவின் மதிப்பை ஒரே வெட்டில் குறைத்துவிட்டது. ஆணி வாங்க வந்தவர்கள் ஆணிப்பெட்டிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். வெள்ளிக்கிழமை ஆணி விற்ற பணத்தில் இன்றைக்கு அதே ஆணியைக் கொள்முதல் செய்ய முடியாது. அதனால் ஆணி பெட்டியிலேயே இருப்பது நல்லது.

அன்று அந்தக் கடையில் விற்பனையில் இருந்த பொருள் ஒன்றே ஒன்று. கடைக்கோடி மேசையில் எவாரிஸ்தோ பெர்த்தொலானி கச்சேரி டிக்கெட்டு விற்றுக்கொண்டிருந்தார். டிக்கெட்டு ஐயாயிரம் பெசோ. ஜூன் மாதம் முதல் தேதியும் ஐயாயிரம், அன்றைக்கும் ஐயாயிரம்.

எவாரிஸ்தோவுக்கு எழுபத்தொரு வயது. அதில் நாற்பத்தேழு வருஷம் அதே கடையில் குமாஸ்தாவாக இருந்தவர். முதலாளி மாறி, அவருடைய மருமகன் முதலாளியாகி, எவாரிஸ்தோ ஓய்வு பெற்ற பிறகும் அந்த மேசையை அவருக்கு விட்டுவைத்திருந்தார்கள். பகலில் ஆணி, திருகு, பூட்டு. சனிக்கிழமைகளில் 'அந்தேனெஸ்' என்ற ராக் குழுவில் பேஸ் கிதார். குழு 1972இல் தொடங்கியது. பெரிய புகழ் என்று சொல்ல முடியாது. ஆனால் தெற்குப் புறநகரில் அறுபது வயதைத் தாண்டிய எவரைக் கேட்டாலும், அவர்கள் பாட்டு ஒன்றையாவது முழுசாகப் பாடிக் காட்டுவார்கள். கிதார் வாசித்தவர் மூன்று வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனார்; அவருடைய மகன் வாசிக்கிறான். மிச்சம் மூன்று கிழவர்கள். பாடகர் தாந்தே ஃபெர்ருவாவுக்கு அந்தக் காலம் முதல் 'ஒல்லி' என்று பெயர். டிரம்ஸ் வாசிக்கும் ஊகோ சர்லெங்காவுக்குக் 'குண்டன்' என்று பெயர். இப்போது ஒல்லிக்குத் தொப்பை விழுந்துவிட்டது, குண்டன் இளைத்துப்போய்விட்டார். பெயர்கள் மட்டும் மாறவில்லை.

விலையை அப்படியே நிறுத்தி வைப்பது என்றால் என்னவென்று எவாரிஸ்தோவுக்குத் தெரிந்த அளவு அந்தப் பேட்டையில் யாருக்கும் தெரியாது. 1973இல் அரசாங்கம் விலையை ஏறவிடாமல் கட்டியபோது இன்ஸ்பெக்டர் வருவதற்குள் ஆணிப்பெட்டிகளைப் பின்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர். கட்டிய விலை பலகையில் இருக்கும், சரக்கு பலகையில் இருக்காது. 1989இல் ஒரே பூட்டின் மேல் ஒரே நாளில் மூன்று விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறார். சாயங்காலம் சீட்டின் கனத்தில் பூட்டே உப்பியிருக்கும்.

இவ்வளவு தெரிந்தவர்தான், ஒல்லி வானொலியில் போய், "நாங்க சூப்பர் மார்க்கெட் இல்ல. எங்க ஆளுங்க பென்ஷன்காரங்க. ஐயாயிரம்னா கச்சேரி அன்னிக்கு வரைக்கும் ஐயாயிரம்தான்" என்று சொன்னபோது, பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார். குழுவின் கணக்கு அவரிடம். அரங்க ஒப்பந்தமும் அவர் பெயரில். லோமாஸில் உள்ள ஒரு பழைய சினிமாக் கொட்டகை, ஆயிரம் இருக்கை, ஆகஸ்ட் 26, சனிக்கிழமை. ஒலி, ஒளி எல்லாம் சேர்த்து, முன்பணம் போக மிச்சத் தொகை ஏழாயிரத்து எண்ணூறு டாலர். டாலராகவோ, அன்றைய கள்ளச்சந்தைத் தெருவிலைக்குப் பெசோவாகவோ ஆகஸ்ட் 24க்குள் கட்ட வேண்டும். கட்டத் தவறினால், ஜாமீனாகக் கொடுத்த வீட்டின் மேல் கொட்டகைக்காரி கைவைக்கலாம்.

அந்த வீடு எவாரிஸ்தோவுக்கும் அவருடைய அக்கா ஒஃபேலியாவுக்கும் பொது. இரண்டு அறை, ஒரு முற்றம், ஒரு எலுமிச்சை மரம். கல்யாணம் ஆகாத இருவரும் அங்கேதான் இருந்தார்கள். ஒஃபேலியாவுக்கு எழுபத்து நாலு வயது. தம்பி காகிதத்தை நீட்டினார், அக்கா கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை வரிசை தெருவரைக்கும் நின்றது. கச்சேரிக்கு மட்டும் வந்த கூட்டமில்லை அது. கையில் பெசோ வைத்திருந்தவர்கள், அது உருகுவதற்குள் எதையாவது வாங்கிவிட வேண்டும் என்று தெருவில் அலைந்தார்கள். திறந்திருந்த கடையில் பழைய விலைக்குக் கிடைத்தது இந்த டிக்கெட்டு ஒன்றுதான்.

"ஆறு கொடுங்க" என்றாள் ஒரு பெண்.

"உங்களுக்கு அந்தேனெஸ் பிடிக்குமா?"

"யாருங்க அது? அடுத்த வாரம் எட்டாயிரத்துக்கு வித்துடுவேன்."

பதினொன்று நாற்பதுக்குக் கடைசி டிக்கெட்டும் போய்விட்டது. ஒல்லி தொலைபேசியில் கூப்பிட்டார். "பாத்தியாடா? ஹவுஸ்ஃபுல். முப்பத்தோரு வருஷம் கழிச்சு ஹவுஸ்ஃபுல்."

"ஆமா" என்றார் எவாரிஸ்தோ. பணத்தைக் கட்டி ரப்பர் மாட்ட மூன்று தடவை முயன்றார்.

அவருடைய பயம் இதுதான். டிக்கெட்டு விற்ற பணத்தை அன்றன்றைக்கே டாலராக மாற்றிவிட வேண்டும் என்பது குழுவின் ஏற்பாடு. அந்த நாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது. எவாரிஸ்தோ மாற்றவில்லை. மாற்றிவிட்டதாக ஒல்லியிடம் பொய் சொல்லியிருந்தார்.

ஜூலை 21ஆம் தேதி மாற்றத்தான் போனார். நகரத்தில் 'குகை' என்று எல்லோரும் சொல்லும் திருட்டுத்தனமாக டாலர் மாற்றும் கடை ஒன்றின் மாடிப்படியில் நாற்பத்து மூன்று லட்சம் பெசோவைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டு கால் வைத்தார். எதிர்த் தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள், இரண்டு பேர். அவர் ஏறாமல் திரும்பினார். மோட்டார் சைக்கிளும் திரும்பியது. கொன்ஸ்தித்துசியோன் ரயில் நிலையத்தில் போலீஸ் சாவடியின் வாசலில் ஒரு மணி பத்து நிமிஷம் நின்றுவிட்டு ரயில் ஏறினார். திங்கட்கிழமை, 24ஆம் தேதி, மொத்தப் பணத்தையும் வங்கியில் முப்பது நாள் டெபாசிட்டாகப் போட்டார். வருஷத்துக்குத் தொண்ணூற்றேழு சத வட்டி. ஆகஸ்ட் 23 முதிர்வு, 24 தவணை. கணக்கு அவ்வளவு அழகாகப் பொருந்தியது.

டெபாசிட்டின் குணம் அவருக்குத் தெரியாததல்ல. 1990 ஜனவரியில் ஒரு காலைப்பொழுதில் அரசாங்கம் எல்லோருடைய டெபாசிட்டையும் பத்து வருஷப் பத்திரமாக மாற்றியது. அதில் எவாரிஸ்தோ கல்யாணத்துக்கு வைத்திருந்த பணமும் இருந்தது. அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லை. வாழ்நாளில் இனிமேல் டெபாசிட்டு கிடையாது என்று சொன்ன மனிதரை ஒரு மோட்டார் சைக்கிள் மறுபடி வங்கிக்குள் தள்ளிவிட்டது.

வெள்ளிக்கிழமை தெருவில் டாலர் அறுநூற்றைந்து பெசோ. திங்கள் மாலை அறுநூற்று எண்பத்தைந்து. டெபாசிட்டு, அதன் வட்டி, அன்று விற்ற நூற்று நாற்பது டிக்கெட்டு எல்லாவற்றையும் சேர்த்து வகுத்துப் பார்த்தார். ஏழாயிரத்து எண்ணூறு டாலருக்கு இருபத்தாறு சென்ட் குறைந்தது. வெறும் கால் டாலர். அதைப் பார்த்ததும் அவருக்கு இன்னும் பயமாகிவிட்டது. கயிற்றின் மேல் சரியாக நடுவில் நிற்பது போலிருந்தது, கயிறோ ஆடிக்கொண்டிருந்தது. செவ்வாய் எழுநூற்று முப்பது. நானூற்று எண்பத்தொரு டாலர் பள்ளம். அவருடைய பென்ஷன் மாதத்துக்கு நூற்றுப் பதினைந்து டாலர்கூட வராது. இன்னும் ஒன்பது நாள் இருந்தது. பணம் பூட்டிக் கிடந்தது.

செவ்வாய் மத்தியானம் ஒல்லியின் சமையலறையில் எல்லாவற்றையும் சொன்னார். ஒல்லி மாத்தே இலைத் தேநீரைக் குழலால் குடித்துக்கொண்டிருந்தார். குழலை வாயிலிருந்து எடுக்கவில்லை.

"டெபாசிட்டா?" என்றார் கடைசியில். "நீயா? டேய், எங்க அத்தை செத்தப்போ அவங்க தலகாணிக்குள்ளகூட டாலர்தான்டா இருந்துச்சு. அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது."

"பயந்துட்டேன்."

"பயந்தா ஓடணும். வங்கிக்குள்ளயா ஓடுவாங்க?"

ஒல்லி எழுந்து ஜன்னலைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "ஒப்பந்தத்துல உடம்பு சரியில்லன்னா என்ன போட்டிருக்கு?"

எவாரிஸ்தோவுக்கு அது மனப்பாடம். குழுவில் ஒருவருக்கு நோய் என்று மருத்துவர் சான்றிதழோடு எட்டு நாளுக்கு முன் அறிவித்தால், முன்பணம் மட்டும் போகும்; மிச்சத்துக்குப் பொறுப்பில்லை. வெள்ளிக்கிழமை நண்பகல் கெடு.

"குண்டனுக்கு நெஞ்சுவலி" என்றார் ஒல்லி. "ஆறு வருஷமா மாத்திரை சாப்பிடறான். யாரு இல்லன்னு சொல்லப்போறா? ஆளுக்கு ஐயாயிரத்தத் திருப்பிக் குடு. வீடு பொழச்சுது."

"ஜூன்ல அந்த ஐயாயிரத்துக்கு ரெண்டரைக் கிலோ கறி, தாந்தே. இப்போ ஒன்றரைகூட வராது. நம்ம ஆளுங்ககிட்டேருந்து ஒரு கிலோ கறியைத் திருடறோம்."

"உங்க அக்காவைத் தெருவுல நிறுத்தறதுக்கு அது பரவால்ல."

புதன்கிழமை எவாரிஸ்தோ குண்டனிடம் போனார். வீடு ஜாமீனில் இருப்பதை மட்டும் சொல்லவில்லை. நஷ்டம் வரும் என்று மட்டும் சொன்னார். குண்டன் சிரித்தார். "ஆறு வருஷமா இந்த நோயை ஓசியில வச்சிருக்கேன். ஒரு தடவையாவது சம்பாதிச்சுக் குடுக்கட்டுமே. வா, போலாம்."

அரசு மருத்துவமனையில் மூன்று மணி நேரம் காத்திருந்தார்கள். மருத்துவர் இளம்பெண். குண்டனே அவளிடம் கண்ணைச் சிமிட்டி, "ஒரு காகிதம் மட்டும் வேணும் டாக்டர், கொஞ்சம் பயமா எழுதுங்க" என்றார். அவள் சிரிக்கவில்லை. படுக்கச் சொன்னாள், கருவியை மார்பில் வைத்தாள், திரையை வெகுநேரம் பார்த்தாள். குண்டனைச் சட்டை போட அனுப்பிவிட்டு எவாரிஸ்தோவின் கையில் உறையைக் கொடுத்தாள். "நீங்க கேட்டதுக்காக எழுதல. பாத்ததை எழுதியிருக்கேன். மறுபடி நாளைக்கே வரச் சொல்லுங்க. டிரம்ஸெல்லாம் தொடவே கூடாது."

எவாரிஸ்தோ அதைப் பேருந்தில் பிரித்துப் படித்தார். குண்டன் பக்கத்து இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தார். இருதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன் நூற்றுக்கு இருபத்தெட்டு என்று எழுதியிருந்தது. பொய்க்காகிதம் வாங்கப் போன இடத்தில் மெய்க்காகிதம் கிடைத்திருந்தது.

முதலில் அவருக்கு வந்தது நிம்மதி. 'அப்பாடா, திருட்டு இல்லை' என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொன்னது. மூன்று நிறுத்தம் கடந்த பிறகுதான் எதற்காக நிம்மதிப்பட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. அதன் பிறகு வீடு வந்து சேரும்வரை குண்டனின் மூச்சையே கவனித்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் இடையில் இருந்த இடைவெளி அவருக்கு நீளமாகத் தெரிந்தது.

மறுநாள் காலை காகிதத்தைப் படித்ததும் குண்டனுக்குச் சிரிப்பு போய்விட்டது.

"கிழிச்சுப் போடு. நான் வாசிக்கிறேன்."

"ஊகோ, நேத்து நீயே..."

"நேத்து நோயாளியா நடிக்கிறேன்னேன். நோயாளியா இருக்கேன்னு சொல்லல. ஆயிரம் பேரு வராங்கடா. உக்காந்து செத்தாலும் அங்க சாவேன்."

"வீட்டை ஜாமீன் குடுத்திருக்கேன்" என்றார் எவாரிஸ்தோ. "கச்சேரி நடந்தா வீடு போகும். அக்காவுக்குத் தெரியாது."

குண்டன் காகிதத்தை மடித்தார். "அப்போ இந்தக் காகிதத்தை எனக்காகக் கொண்டுபோகல."

"இல்ல" என்றார் எவாரிஸ்தோ.

"சரி. நீ பொய் சொல்லாத வரைக்கும் சரி. கொண்டுபோ."

வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்குக் கொட்டகைக்காரி லுசார்தி அம்மாளின் மேசையில் சான்றிதழை வைத்தார். அவள் கண்ணாடியைக்கூடப் போடவில்லை.

"இந்த வாரம் இது நாலாவது இருதயம்" என்றாள். "செவ்வாய்க்கிழமை ஒரு குரல்வளை, புதன்கிழமை ஒரு சிறுநீரகம். இந்த நாட்டுல டாலர் ஏறினா பாட்டுக்காரங்க எல்லாம் படுத்துடறாங்க."

"இது நெசம், அம்மா."

"எல்லாமே நெசம்தான். முத்திரை இருக்கே." அவள் கையெழுத்துப் போட்டாள், கோபமே இல்லாமல். புதன்கிழமை டாலர் எழுநூற்று எண்பதைத் தொட்டிருந்தது. அந்தச் சனிக்கிழமையை அவள் வேறு யாருக்காவது புது விலைக்கு விட்டுவிடுவாள். ஜாமீன் பத்திரத்தை இழுப்பறையிலிருந்து எடுத்து நீட்டினாள். எவாரிஸ்தோ அதை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். வீடு பிழைத்துவிட்டது.

மத்தியானம் பத்திரத்தை அக்காவின் முன்னால் வைத்தார். ஒஃபேலியா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

"படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றார். "என்னைக் குருடின்னு நெனச்சியா?"

"அப்புறம் ஏன் போட்ட?"

"நீ கேட்ட. நீ என்கிட்ட எதையும் கேட்டதே இல்ல." பிறகு தோலைக் கூடையில் போட்டபடி, "ரெண்டு மாசமா நான் சரியாத் தூங்கல. நீயும் தூங்கலன்னு தெரியும்" என்றார்.

சனிக்கிழமை ஒல்லி வானொலியில் அறிவித்தார். அறிவிப்பாளர், "குண்டனோட இருதயமாமே" என்று சொல்லிவிட்டு ஒரு நொடி பேசாமல் இருந்தார். அந்த ஒரு நொடியைப் பேட்டை முழுதும் புரிந்துகொண்டது. பணம் உடனே வேண்டும் என்று கேட்டவர்களுக்கு, வியாழக்கிழமைதான் கிடைக்கும் என்று பதில் சொல்லப்பட்டது. ஏன் வியாழன் என்று எல்லோரும் கேட்டார்கள். டெபாசிட்டு என்று சொல்ல எவாரிஸ்தோவுக்கு வாய் வரவில்லை. இரும்புக்கடைச் சுவரில் யாரோ கரியால் ஓர் இருதயம் வரைந்து, உள்ளே டாலர் குறி போட்டிருந்தார்கள். அவர் கடைக்குப் பின்வாசல் வழியாகப் போகத் தொடங்கினார்.

23ஆம் தேதி வங்கி பணத்தைக் கொடுத்தது. கடைசி நிமிஷம்வரை கொடுக்காது என்றே நினைத்திருந்தார். வட்டி மூன்று லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து எண்ணூற்று இருபத்திரண்டு. அது தன்னுடையது அல்ல என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. பழைய டிக்கெட்டுகள் எண்ணூற்று அறுபதுக்கும் ஐயாயிரத்து நானூறு கொடுப்பது என்று தீர்மானித்தார். குறைந்த ஆயிரத்து நூற்று எழுபத்தெட்டு பெசோவைத் தன் பையிலிருந்து போட்டார்.

வியாழன் காலை பத்து மணிக்கு மேசையைத் திறந்தபோது முந்நூறு பேருக்குக் குறையாமல் நின்றார்கள். ஒஃபேலியா பக்கத்தில் உட்கார்ந்து அடிக்கட்டையைச் சரிபார்த்தார். எவாரிஸ்தோவின் கண் நோட்டில் இல்லை, முகங்களில் இருந்தது. எந்த முகத்திலிருந்து முதல் கத்தல் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தரைக்குக் குண்டன் வந்தார். வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மேசையின் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, வரிசையைப் பார்த்து உட்கார்ந்தார்.

"எதுக்குடா வந்த?"

"என் மூஞ்சியைப் பாத்தாவது நம்பட்டும்."

ஆனால் வரிசைக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது.

"அடே, நோயாளி நடந்தே வந்துட்டாரே" என்றது ஒரு குரல்.

"வட்டியோட தராங்களாம். மிச்ச வட்டி யாரு பையில?"

"எங்க மாமாவுக்கும் இருதயம் போச்சு. அவரு சவப்பெட்டில படுத்தாரு, நாற்காலில உக்காரல."

சிரிப்பு எழுந்தது. எவாரிஸ்தோ நோட்டை எண்ணுவதில் பிழை செய்தார்; ஒஃபேலியா திருத்தினார். அடுத்து வந்தவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர், அறுபத்தெட்டு வயதிருக்கும். டிக்கெட்டை நீட்டாமல் குண்டனைப் பார்த்தார்.

"எழுபத்தஞ்சுல கில்மெஸ்ல உங்க கச்சேரி" என்றார். "அன்னிக்கும் ஒரே நாள்ல விலை ரெண்டு மடங்கு. பழைய விலைக்கே எங்களை உள்ள விட்டீங்க. லாரிக்காரனுக்குக் குடுக்கப் பணமில்லாம ஆம்ப்ளிஃபயரை அவன்கிட்டயே விட்டீங்க. நான்தான் அதை மேடையிலேருந்து எறக்கிக் குடுத்தேன். இப்போ நீங்களும் ஏமாத்தக் கத்துக்கிட்டீங்க."

எவாரிஸ்தோ தலையைக் குனிந்துகொண்டார். குண்டன் எழுந்தார். எழுந்ததில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. சட்டையின் இரண்டு பொத்தானை அவிழ்த்து, ஓட்டுநரின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் மார்பின் மேல் வைத்தார்.

"ஐம்பது வருஷமா என் தாளத்துக்குக் கைதட்டியிருக்கீங்க இல்ல? இதுக்குத் தட்டுங்க பாப்போம்."

ஓட்டுநர் சிரித்தபடிதான் கையை வைத்தார். தாளம் பிடிப்பவரைப் போலத் தலை லேசாக ஆடியது. இரண்டு ஆட்டம், பிறகு தவறியது. மறுபடி பிடிக்கப் பார்த்தார், மறுபடி தவறியது. சிரிப்பு அவர் முகத்தில் இருந்தபடியே செத்துப்போனது. கையை எடுக்கவில்லை. இன்னொரு கையால் குண்டனின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா" என்றார் ஒஃபேலியாவிடம், திரும்பிப் பார்க்காமல், மெதுவாக. "ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. சீக்கிரம்."

அது வந்து சேர இருபத்திரண்டு நிமிஷம் ஆயிற்று. அதுவரை ஓட்டுநரும் எவாரிஸ்தோவும் குண்டனைச் சுவரோடு சாய்த்துத் தரையில் உட்காரவைத்திருந்தார்கள். குண்டனுக்கு நினைவு இருந்தது. முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. துரத்தப்பட்டு ஓடிக் களைத்த மிருகத்தைப் போல மூச்சு இரைத்தது. கூட ஒருவர் ஏறலாம் என்றார்கள் ஆம்புலன்ஸ்காரர்கள். பேருந்து ஓட்டுநர் எவாரிஸ்தோவை வண்டிப் பக்கம் தள்ளினார்.

மேசையின் மேல் பணம் கட்டுக்கட்டாக இருந்தது. வாசலில் இன்னும் இருநூறு பேருக்கு மேல் நின்றார்கள். ஒஃபேலியாவால் தனியாகச் சமாளிக்க முடியாது. எவாரிஸ்தோ கடைவாசலில் நின்று அவர்களைப் பார்த்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

"மன்னிச்சுக்கோங்க. நாளைக்கு வாங்க."

அந்த நாட்டில் எந்தக் கவுண்டரில் நின்றாலும் இந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். நாளைக்கு இந்தப் பணத்துக்கு இன்னும் குறைவாகத்தான் கிடைக்கும். தொண்ணூறில் வங்கி வாசலில் அவரிடம் அதைச் சொன்னபோது அவரும் கத்தியிருக்கிறார், கதவை உதைத்திருக்கிறார். இப்போது தோளைக் குறுக்கிக்கொண்டு அதே கத்தலுக்குக் காத்து நின்றார். யாரும் கத்தவில்லை. வண்டியில் ஏறினார்; கதவு மூடிக்கொண்டது. குண்டனின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்; விரல் தானாகவே நாடியைத் தேடியது, கண்டுபிடித்தது, இழந்தது, மறுபடி கண்டுபிடித்தது. மருத்துவமனை வரும்வரை அந்தக் கத்தல் பின்னால் எங்கேயோ வந்துகொண்டிருக்கிறது என்றே அவருக்குத் தோன்றியது.